ருமேனியாப் பக்கத்தை அழித்து எழுதினேன்

சாமி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்த நீல அட்டை நோட்டை எடுத்து, ருமேனியாப் பக்கத்தில் நீ வரைந்து வைத்திருந்த மஞ்சள் சிலுவைகளை ரப்பரால் அழித்தேன். வாசல் தெளிக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. பால் கறக்க வந்தவள் வெளியே நின்று, "ஏனுங்க்கா, ஊட்ல ஆரும் இன்னும் எந்திரிக்கலீங்களா?" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். நான் பெட்டியருகே சம்மணமிட்டு உட்கார்ந்து அழித்துக்கொண்டே இருந்தேன். எட்டு விமானங்கள், ஒவ்வொன்றின் இறக்கையிலும், ஜெர்மனியோடு சேர்ந்தபின் ருமேனியாக்காரர்கள் வைத்த ஒரு சிலுவை. மஞ்சள் பென்சில் லேசில் போகவில்லை, ஓரிடத்தில் தாள்கூடக் கிழிந்துவிட்டது. அழித்த இடத்தில், போருக்கு முன்னால் அவர்கள் வைத்திருந்ததாக நீ சொன்ன நீலம், மஞ்சள், சிவப்பு வட்டத்தை எழுதினேன். அவர்கள் அந்தப் பழைய குறியையே மறுபடி எழுதுவார்களோ, புதிதாக ஒன்று வைப்பார்களோ, எனக்குத் தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுதிவிட்டேன்.

செய்தி இதற்குள் உன் முகாமிலும் பரவியிருக்கும். நேற்று மாலை, நீ வேலை பார்த்த பஸ் பட்டறை முதலாளி வீட்டு ரேடியோவில் கேட்டேன். ருமேனியா ஜெர்மனியை விட்டு விலகி நேச நாடுகளின் பக்கம் வந்துவிட்டதாம். அந்த நாட்டு அரசரே வானொலியில் சொன்னாராம். நான் உட்கார்ந்திருந்த பாயிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். முதலாளி வீட்டு அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, ருமேனியாவுல பொண்ணு கிண்ணு எடுத்துருக்கறீங்களா, இந்தத் துள்ளு துள்றீங்க?" என்றார். "பொண்ணு எடுக்கலீங்க்கா. எம்பையன் நோட்டுல அவங்களுக்கு ஒரு பக்கம் இருக்குது" என்றேன். "பி.ஏ. படிச்சா இப்படியெல்லாம் ஆவுமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி புடைக்க ஆரம்பித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்து மூன்று வயதில் வாய்க்கால் மேட்டில் ஓடாத குறையாக நடந்தேன்.

இத்தனை நாடுகள் இருக்க நீ ஏன் ருமேனியாவைப் பிடித்துக்கொண்டாய் என்று பல முறை யோசித்திருக்கிறேன். உன் வகுப்புப் பையன்கள் இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் என்று பெரிய பெரிய நாடுகளாக எடுத்துக்கொண்டார்கள். நான் சேலம் வாசகசாலையிலிருந்து வாங்கி வந்த பழைய படப் பத்திரிகைகளை நீ மட்டும் கத்தரித்து, யாரும் கேள்விப்படாத ஒரு நாட்டின் படைத் தளவாடங்களைச் சேர்த்தாய். "அம்மா, இவங்ககிட்ட எல்லாருதும் இருக்குதும்மா" என்று நீ சொன்னபோது உனக்குப் பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். அந்த ஒரு வரிதான் என்னையும் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், நீ பஸ் பட்டறைக்குப் போன பிறகு அந்த நோட்டை உன்னைவிட நான்தான் அதிகம் புரட்டினேன். உலை கொதிக்கும் நேரத்தில், அந்தக் குட்டை மூக்கு விமானத்தின் இறக்கை எத்தனை பாகை சாய்ந்திருக்கும் என்று அடுப்புக்கரியால் தரையில் கோடு போட்டுப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படித்த கணக்கெல்லாம் அந்தக் கோட்டில்தான் உயிரோடு இருந்தது.

சித்திரையில் நீ விடுப்பில் வந்தபோது நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் நோட்டை உன் அப்பா முன்னால் பிரித்து வைத்தாய். நீ விமானப்படையில் சேர்ந்த பிறகு அவர் உன் வேலையைப் பற்றி வாய் திறந்து கேட்டது அன்றைக்குத்தான்.

"இது ஹரிக்கேனுங்கப்பா. நாங்க தெனமும் பாக்கறது இதேதான். சண்டைக்கு முன்னாலயே இங்கிலீஸ்காரங்ககிட்ட ருமேனியாக்காரங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அப்பறம் ஜெர்மனி பக்கம் போயிட்டாங்க."

"அப்ப நம்முளுதும் அதே, எதிராளிதும் அதேங்கற."

"ஆமாங்கப்பா. இது போலந்து நாட்டுது. இது பிரெஞ்சு. இது இத்தாலி. இந்த ரெண்டும் ஜெர்மனி."

"ஏஞ்சாமி, அவனுக்குன்னு சொந்தமா ஒண்ணுமே இல்லியா?"

"இருக்குதுங்க. ஐ.ஏ.ஆர்.னு இதா, இது அவங்க ஊர்லயே பண்றது. நல்ல வெரசாப் போகுமாம்."

"டாங்கி?"

"செக்கு நாட்டுதுங்க. கொஞ்சம் பிரெஞ்சு."

"துப்பாக்கி?"

"அதுவும் செக்குதானுங்க. நம்ம பட்டாளத்துல பிரென்னுன்னு ஒரு துப்பாக்கி வெச்சிருக்கறாங்களே, அதுவும் அவங்க துப்பாக்கியும் ஒரே பட்டறை வழி வந்ததுதானுங்க."

"பீரங்கிய ஆரு இழுக்கறா?"

"முக்காவாசி குதிரைங்கப்பா."

"குதிரையாச்சும் அவனூட்டுதா, அதுவும் எரவலா?"

உனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்பாவும் சிரித்தார். பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "கலியாண ஊட்டுப் பாத்திரமாட்ட இருக்குது போ" என்றார். "பத்து ஊட்டு அண்டாவும் வந்து கெடக்கும். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கழுத்துல பேரு வெட்டிருக்கறதப் பாத்துத்தான் அவங்கவங்க ஊட்டுக்குக் குடுத்தனுப்போணும்." நீ உடனே, "இங்க ரெக்கைல எழுதிருக்குதுங்கப்பா. அழிச்சுட்டு வேற எழுதுனா ஆளே மாறிப்போச்சு" என்றாய். வெற்றிலைக் கொடிக்காலைத் தவிர வேறொன்றையும் பேசாத மனிதர், அன்று ஒரு மணி நேரம் பேசினார். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து வைத்து எடுத்ததையும் பார்த்தேன்.

நேற்று இரவெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் அந்தப் பேச்சுதான். அந்த நாட்டில் உன்னைப் போல் விமானம் பழுது பார்க்கும் ஒரு பிட்டர் இருப்பான் அல்லவா? போன வாரம் வரை ஜெர்மன் விமானத்துக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தவன். இன்றைக்கு அதே வகை விமானம் அவன் தலைக்கு மேல் குண்டோடு வரக்கூடும். அவன் கையில் இருப்பதும் அதுவேதான். ஹரிக்கேனுக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர், ஜெர்மன் விமானத்துக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர், மாற்றிப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும் என்று நீ சொன்னாயே. அவன் இரண்டு செட்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவான். ஜெர்மன்காரன் இனி ஒரு திருகாணிகூடத் தரமாட்டான். பிரிட்டன் கப்பல் வர எத்தனை மாதம் ஆகுமோ? உடைந்த ஒன்றைப் பிரித்து உடையாத ஒன்றில் பூட்டுவான். பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடும் நம் காவிரிக்கரை வேலூர் பஸ்ஸை மூன்று பழைய பஸ்களின் உறுப்பை வைத்து நீ ஓட்டிக் காட்டிய மாதிரி! இதை நினைத்தபோது எனக்குள் வந்தது பயமா, சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு நாடே ஒரு ராத்திரியில் திரும்பி நிற்கிறது. அது திரும்பும்போது கீழே ஒருவன் நட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறான்.

உன் கடிதம் நேற்று மத்தியானமே வந்துவிட்டது. இந்த உற்சாகத்தில் அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. தணிக்கைக்காரர்கள் இரண்டு வரியில் கறுப்பு மை பூசி அனுப்பியிருந்தார்கள், மற்றது தெளிவாக இருந்தது. உன் வேலையில் மேலதிகாரிக்குத் திருப்தி. புதிதாக வரும் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க முகாமிலேயே இருக்கலாம், அல்லது ஜப்பான்காரனோடு சண்டை நடக்கும் கிழக்கு எல்லைக்குப் போகும் படைப்பிரிவோடு போகலாம், பத்து நாளில் பதில் சொல் என்கிறார். நீ எழுதியிருக்கிறாய்: "எனக்கு எது நல்லதுன்னு புரியலீங்கம்மா. போன தடவ மாதிரி நம்ம கோயில்ல பூக் கேட்டு எழுதுங்க. வெள்ளை வந்தா போறேன். செவப்பு வந்தா இங்கயே இருந்துக்கறேன்." இந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். இதுவரை எழுதியதெல்லாம் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான்.

போன வருடம் தை மாதத்தை நினைத்துப் பார். படையில் சேர்கிறேன் என்று நீ சொன்னதும் அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் காலையில், "சாமிகிட்டப் பூக் கேட்டுருவோம். வெள்ள குடுத்தா போவட்டும். செவப்புன்னா இந்தப் பேச்ச இத்தோட உட்டுறோணும்" என்றார். நீயும் தலையாட்டினாய். அன்று கோயிலில் பூசாரிக்குக் கண்ணில் வலி, நீர் வடிந்துகொண்டிருந்தது. "நீங்களே வெள்ளைய ஒண்ணுல, செவப்ப ஒண்ணுல மடிச்சுக் குடுங்க தாயி" என்று அரளித் தட்டை என்னிடம் நீட்டினார். நான் தூண் பக்கம் திரும்பி, இரண்டு வெற்றிலையில் பூவை மடித்து வாழைநாரால் கட்டிக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சின்னப் பெண் குனிந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. அப்பா கைகூப்பி நின்றபடியே அழுதார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, ஆற்றில் விட்டுவிடுவார்கள். அதை நானே கொண்டுபோய்க் காவிரியில் விட்டேன். சாமி, அதிலும் வெள்ளைதான் இருந்தது.

இதை எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்தேன். மனது லேசாக இருக்கிறது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். உன் ஆசைக்காகச் செய்தேன் என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதியை உனக்கு இதுவரை சொன்னதில்லை. சென்னையில் நான் பி.ஏ. முடித்தபோது, மேலே படித்துக்கொண்டே கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க இடம் தருவதாக எங்கள் பேராசிரியை சொன்னார். சேலத்துக்கு வந்து என் அப்பாவிடம் சொன்னேன். அவரும் பூக் கேட்டார். சிவப்பு வந்தது. மூன்றாம் மாதம் கல்யாணம். உன் அப்பாவோடு வாழ்ந்ததில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் நான் புத்தகம் படிப்பதை ஒரு நாளும் ஒருவரும் தடுத்ததில்லை. ஆனால் அன்று அந்தப் பொட்டலங்களைக் கட்டியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் உனக்கு வெள்ளையை மடித்தேன். எனக்கு மூடிய கதவை உனக்குத் திறந்துவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன். எனக்கு யாரோ செய்ததாக நான் சந்தேகப்பட்டதைத்தான் நான் உனக்குச் செய்திருக்கிறேன் என்பது உறைக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நிறம்தான் வேறு.

உறைத்தது எப்போது என்றும் சொல்கிறேன். நீ விடுப்பு முடிந்து கிளம்பும் நாளில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒன்று சொன்னாய். விமானம் கிளம்பும் முன் ஒரு தாள் வரும், ஒவ்வொரு பிட்டரும் தன் தன் பகுதியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கையெழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் விமானி ஏறுவார் என்றாய். உன் கூட்டாளி ஒருவன் ஒரு மூடியைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான். விமானம் ஓடுபாதையிலேயே நின்றுபோனது, நல்லவேளை மேலே ஏறவில்லை. "அவன் கெட்டவன் இல்லீங்கம்மா. எப்பவும் சரியாத்தான இருக்கும்னு நெனச்சுட்டான்" என்றாய். அதைக் கேட்டதும் நான் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டது உனக்கு நினைவிருக்கிறதா? வெயில் தாங்காமல் அம்மா வாடிவிட்டாள் என்று தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாய். பார்க்காத மூடிக்குக் கையெழுத்துப் போட்டவனை நீ மன்னித்துப் பேசினாய். நான் சாமி பேரில் கையெழுத்துப் போட்டவள்.

இதில் எனக்கு மிகவும் கனமாக இருப்பது உன் அப்பா. செய்தித்தாளில் எல்லையில் சண்டை என்று வரும்போதெல்லாம் நான் முகம் வாடி உட்கார்ந்தால், "ஏம்புள்ள, எதுக்கு வெசனப்படற? சாமி வெள்ள குடுத்து அனுப்புன பையன். ஒரு கீறல் உழுவாது" என்பார். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தை நான் பார்த்துக்கொண்டே விழித்திருப்பேன். இப்போது நீயும் அதே பூவை நம்பி எல்லைக்குக் கிளம்பப் பார்க்கிறாய். வெள்ளை வந்தால் போகிறேன் என்கிறாய். போன தடவை தெய்வம் உன்னைப் போகச் சொல்லவில்லை, சாமி. உன் அம்மா சொன்னாள், அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை நான் பூக் கேட்கப் போவதில்லை. சாமியை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. நம்புகிறவர்களின் தட்டில் கை வைக்கும் தகுதி எனக்கு இல்லை. நீயாகவே யோசி. எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்கிறேன். எஞ்சினைப் பார்ப்பதுபோல் உன்னையே பகுதி பகுதியாகப் பார். கூட இருப்பவர்கள் போகிறார்களே என்பதற்காகப் போக நினைக்கிறாயா? இங்கே இருந்தால் கோழை என்பார்களோ என்றா? கற்றுக்கொடுக்கும்போது உனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா, அலுப்பாக இருக்கிறதா? பஸ் பட்டறையில் நீ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பாகச் செய்தவனைத் திட்டாமல், அவன் கையிலேயே ஸ்பேனரைக் கொடுத்து மறுபடி செய்ய வைப்பாய். அது எல்லாருக்கும் வராது. அதே சமயம், ஓடாத ஒரு எஞ்சின் ஓட ஆரம்பிக்கும்போது உன் முகத்தில் வரும் வெளிச்சத்தையும் பார்த்திருக்கிறேன். எந்தப் பதில் வந்தாலும் அது உன் கையெழுத்தாக இருக்கட்டும். மேலதிகாரியிடம் இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றால் கேள். மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. நம் வீட்டு ஆண்களுக்குக் கேட்கவே வராது, அதை மட்டும் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. தினமும் சாப்பிடு. கை கழுவாமல் கிரீஸோடு சோற்றில் கை வைக்காதே. களைத்திருந்தால் களைத்திருக்கிறேன் என்று சொல். களைத்த கண், மூடியைத் திறந்துதான் பார்த்தேன் என்று பொய் சொல்லும்.

என் விருப்பம் என்ன என்று நீ கேட்பாய் என்பதும் தெரியும். மறைக்கமாட்டேன். ருமேனியாச் செய்தி கேட்டதிலிருந்து எனக்குள் ஒன்று போ, போ என்று துள்ளுகிறது. உலகம் இத்தனை பெரிதாகத் திரும்பும்போது என் பிள்ளை அதில் ஒரு நட்டையாவது முறுக்கிக்கொண்டிருக்கட்டும் என்று பரபரக்கிறது. அதனாலேயேதான் என் விருப்பத்தைக் கணக்கில் எடுக்காதே என்கிறேன். அந்தத் துள்ளல் என்னுடையது. இருபத்தோரு வயதில் சேலத்தில் நின்றுபோன ஒரு பெண்ணுடையது. அவளுக்காக நீ எல்லைக்குப் போக வேண்டாம், அவள் மேலுள்ள கோபத்தில் முகாமில் தங்கவும் வேண்டாம். அவளுக்கு வேண்டியதை அவளே தேடிக்கொள்ளட்டும். அதற்கு இன்னும் வயதாகிவிடவில்லை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும். ஒரு மாதம் கடிதம் போடாதே. ஆனால் எடுத்த முடிவை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போட்டுவிடு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

மணி பதினொன்று இருக்கும். அப்பா கொடிக்காலில் ஆட்களோடு இருக்கிறார், உச்சிக்கு வந்துவிடுவார். உன் கடிதத்தை அவருக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை. படித்தால் உடனே குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது, உனக்கு மட்டும் உண்மையைச் சொல்லி, அவரை அப்படியே நிம்மதியாக விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சண்டை முடிந்து நீ வீடு வந்து சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு நீ கிளம்பினால் அவரும் என்னைப் போலவே கண் விழித்துக் கிடக்கட்டும். நீ அவருக்கும் பிள்ளை, அந்தப் பயத்தில் அவருக்கும் பாதி உண்டு. அதை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. கேட்டபின் என்ன செய்வாரோ தெரியாது. பேசாமல் போகலாம். ஒரு வாரமோ, ஒரு வருடமோ. இதை யாரிடமும் சொல்லவில்லை, இந்தப் பக்கத்துக்கு வரும்வரை இப்படி முடிவெடுப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் வந்து கைகால் கழுவியதும், இலை போடுவதற்கு முன்னால், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்தேன் என்று அவரிடம் சொல்லப்போகிறேன்.

அம்மா